காப்பார் ரோட்டுக் கயிறு

பரமேஸ்வரனைக் குடிகாரன் என்று முதலில் சொன்னவன் நான் இல்லை. ஆனால் காப்பார் ரோட்டுக் கோயிலுக்கு வழி காட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிக்கொள்வது மேல்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிளாங்கில் எங்கள் புளோக் ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் என் வீட்டை ஒட்டிய வீடு அவருடையது. நான் அப்போது பஸ் ஓட்டினேன், இப்போது கிராப் வாடகைக் கார். அவர் போர்ட் கிளாங்கில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நாற்பதடிப் பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு ரிவர்ஸில் ஒரே தடவையில் கிடங்கு வாசலில் ஒட்டி நிறுத்துவார். மற்ற டிரைவர்கள் சிகரெட்டைக் கீழே போடாமல் நின்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் முப்பத்தெட்டு வயதில் நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தார். முதலில் படி இறங்கும்போது, அப்புறம் சமதரையில். பேச்சும் குழறியது. துறைமுக கேட்டில் லோரியை ஒரு முறை உரசினார். அடுத்த வாரம் இன்னொரு முறை. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

தள்ளாடுகிற, குழறுகிற ஒரு தமிழனைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. வாயை முகர்ந்து பார்ப்பார்கள். வாசனை வராவிட்டால், கெட்டிக்காரன், வெத்தலை போட்டு மறைக்கிறான் என்பார்கள். ஒரு நாள் ஃபெடரல் ஹைவே ரோட்பிளாக்கில் போலீஸ் அவரை நிறுத்தி ஊதச் சொன்னது. ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நேராகக் கோப்பிக்கடைக்கு வந்தார்.

"ஊதிக் காட்டிட்டேன்யா! சைபர்!"

"மெஷின்ல பேட்டரி இல்ல போல லா," என்றான் ஒருவன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் கோப்பிக்கடைக்கு வரவில்லை.

அவர் மனைவி தங்கமணி. கிளாங் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறாள். ஐந்தடி உயரம், அதற்கு மேல் வாய். கல்யாண மாலை, கோயில் மாலை, சாவு மாலை எதுவானாலும் வாடிக்கையாளரோடு சண்டை பிடித்துக்கொண்டே கட்டி முடித்துவிடுவாள். புருஷன் வேலை போன அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் ஐந்தாம் மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் மச்சான் ஒருவன் காப்பார் ரோட்டில் கயிறு கட்டித்தான் குடியை விட்டான் என்று சொன்னேன்.

காப்பார் ரோட்டில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. குடிப்பவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். எரிகிற கற்பூரத்தின் மேல் கையடித்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். பூசாரி வலது மணிக்கட்டில் கருப்புக் கயிறு கட்டுவார். ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் கூட்டிக்கொண்டு வந்தவர்களே கோயிலில் தேங்காய் உடைத்து, முடிச்சை அவிழ்த்துவிடலாம். நடுவில் குடித்தால் பூசாரி கத்தியால் அறுத்துப் போட்டுவிடுவார். அவிழ்த்த கயிறு கௌரவம், அறுத்த கயிறு அவமானம். அறுபட்டவன் குடும்பத்துக்கு அந்தக் கோயிலில் பால்குடம் கிடையாது, அங்கே மாலைகூட வாங்கமாட்டார்கள். தங்கமணி அந்தக் கோயிலுக்கு வாரா வாரம் மாலை கொடுப்பவள்.

நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய அக்கா அமுதவள்ளியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தாள். கற்பூரத்தின் முன் நிறுத்தியதும் பரமேஸ்வரன் பூசாரியிடம் கேட்டார்:

"குடிக்காதவன் என்னத்த சாமி விடுறது?"

"இங்க வர்ற எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்வாங்க," என்றார் பூசாரி.

பரமேஸ்வரன் அக்காவைப் பார்த்தார். அவள் கோபுரத்தைப் பார்த்தாள். தங்கமணி அவர் கையைப் பிடித்துக் கற்பூரத்தின் மேல் அடித்து, சத்தியத்தையும் அவளே சொல்லி முடித்தாள். அவர் கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே மணிக்கட்டை நீட்டினார்.

"கட்டுங்க. ஒரு வருஷம் கழிச்சி இவளே வந்து அவுக்கட்டும். அப்பத் தெரியும்."

கயிறு கட்டிய ஏழாம் மாதத்தில் ஆடித் திருவிழா வந்தது. பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கூட்டத்தின் நடுவில் கால் பின்னி விழுந்தார். பானை உடைந்தது. சாமிக்குக் கொடுத்த வாக்கைக் கெடுத்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். பூசாரி கத்தியோடு வந்தார். பரமேஸ்வரன் கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, நெருங்கிய பூசாரியின் விரலைக் கடித்துவிட்டார். அத்தோடு அந்தக் கோயில் அவர்களுக்கு இல்லை. கயிறு மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

இது நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கருப்புக் கயிறு சாம்பல் நிறமாகி நைந்துவிட்டது. நைந்த இடத்தில் தங்கமணியின் பூ நூலைச் சுற்றி அவரே முடிச்சுப் போட்டுக்கொள்வார். நடுங்குகிற விரலால் ஒரு முடிச்சுக்கு அரை நாள் ஆகும். அறுக்க வந்தவர்களை எல்லாம் கெட்ட வார்த்தையால் விரட்டினார். கடைசி மூன்று வருஷமாக எழுந்து நடக்கவும் முடியாமல் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் கிடக்கிறார். தங்கமணி குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துடைத்தாள், எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே செய்தாள். "சாமியையே ஏமாத்துன ஆளு," என்று ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒரு தரம் சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ஒரே மகள் உமா. அவள் பதின்மூன்று வயதில் படிவம் ஒன்று படித்தபோது அவர் ரிப்போர்ட் கார்டு வாங்கப் பள்ளிக்கூடம் போய், அசெம்பிளி மேடைப் படியில் உருண்டுவிட்டார். "பாப்பா மாபோக், பாப்பா மாபோக்" என்று பிள்ளைகள் கை தட்டின. பாப்பா என்றால் மலாயில் அப்பா, மாபோக் என்றால் குடிவெறி என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தியவள்தான். இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. சுபாங் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. வீட்டில் "இந்தாளு" என்பாள், அவ்வளவுதான். தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை காஜாங்கில் இருக்கும் குரு, எம்.ஆர்.டி. ரயிலில் டெக்னீஷியன், நல்ல பையன்.

தீபாவளி முடிந்த வாரத்தில் பரமேஸ்வரனுக்குக் கஞ்சி புரையேறி மூச்சு முட்டிவிட்டது. நானும் உமாவும் நாற்காலியோடு மூன்று மாடி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், நம்மாள்தான், பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"எத்தன வருஷமா குடிக்கிறாரு?"

"பதினாறு வருஷம்," என்றாள் தங்கமணி பட்டென்று.

"ஈரல் சின்னப் புள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு ஆன்டி. மூணு வருஷமா எந்திரிக்க முடியலன்னு சொல்றீங்க. யாரு வாங்கிக் குடுக்கிறாங்க?"

தங்கமணி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. மூன்று வருஷமாக என் வீட்டுக் குழம்பு ருசி பார்த்து, என் மனைவி குமுதாவோடு அரட்டை அடித்து, என் காரில் ஏறி இறங்கிய இந்தப் பொம்பளை, அவருக்கு ஊற்றிக் கொடுப்பவன் நான்தான் என்று மனசுக்குள் வைத்திருக்கிறாள்!

"அடிப்பாவி," என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதற்காகக் கயிற்றைக் கழற்றச் சொன்ன நர்ஸ் வாங்கிய வசவை நான் இங்கே எழுத முடியாது. கடைசியில் அதன் மேல் பிளாஸ்டர் சுற்றி உள்ளே அனுப்பினார்கள். ரத்தமும் எடுத்தார்கள். சில வாரம் கழித்துக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மறுபடியும் மூன்று மாடி இறக்கினால் அவர் இடுப்பு தாங்காது. குமுதாவைக் காவல் வைத்துவிட்டு, தங்கமணியையும் உமாவையும் நான் ஏற்றிக்கொண்டு போனேன். ஆங்கிலம் புரியாவிட்டால் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று என்னையும் தங்கமணி அறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்தவள் சுபா. வம்சத்தில் வருகிற நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்குச் சொல்வதுதான் அவள் வேலை. முதலில் போன் போட்டுப் பரமேஸ்வரனிடமே சம்மதம் கேட்டாள். "சொல்...லு" என்று குழறினார். அதன் பிறகுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஆன்டி, இது குடியால வந்ததே இல்ல. பிடரிக்கு மேல சின்ன மூளைன்னு ஒண்ணு இருக்கு. நடை, பேச்சு, விழுங்குறது எல்லாத்தையும் தடுமாறாம வச்சிக்கிறது அதுதான். அங்கிளுக்கு அது வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டு வருது. அதனாலதான் குடிச்சவங்க மாதிரியே இருக்கு. ஆனா புத்தி தெளிவா இருக்கும்."

"தெளிவான்னா?"

"நீங்க பேசுறதெல்லாம் அவருக்கு நல்லாப் புரியும்."

தங்கமணி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பதினாறு வருஷ வசவும் அவள் கண் முன்னால் வரிசையாகப் போயிருக்க வேண்டும். எனக்குப் போனது.

"ஏன் வந்துச்சு?" என்று உமா கேட்டாள்.

சுபா ஒரு தாளில் கோடு கிழித்தாள். "நம்ம உடம்ப எப்படிக் கட்டணும்னு எழுதி வச்ச மாதிரி ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இருக்கு. அதுல ஓரிடத்துல மூணே மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும். முப்பது தடவ வந்தா ஒண்ணும் ஆகாது. அங்கிளுக்கு ஐம்பத்திரண்டு தடவ வந்திருக்கு. அளவு மீறிட்டா அதுல உருவாகிற புரதம் முறுக்கிக்கிட்டு, அந்தச் சின்ன மூளையில இருக்கிற செல்லுங்கள சாகடிச்சிரும்."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தங்கமணி தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரே பூவ நெருக்கி நெருக்கி வச்சிக் கட்டிக்கிட்டே போனா, நாலு கண்ணி அதிகமானா சரம் முறுக்கிக்கும். பிரிச்சாலும் நேரா நிக்காது. அதுவா?"

"அதேதான் ஆன்டி."

"கட்டுனது யாரு?"

"அவங்க அப்பா அம்மாவுல ஒருத்தர்கிட்டருந்து வந்திருக்கும். எதுவுமே நமக்கு ரெண்டு ரெண்டா இருக்கும், ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. அங்கிள்கிட்ட ஒண்ணு சரியானது, ஒண்ணு நீண்டுபோனது. புள்ளைக்குக் குடுக்கும்போது ரெண்டுல ஒண்ணுதான் போகும்."

"எனக்கு எது?" என்றாள் உமா.

"தெரியாது உமா. பாதிக்குப் பாதி. நீண்டது வந்திருந்தா, அவருக்கு வந்த வயசவிடக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கலாம். ரத்தம் பாத்துத் தெரிஞ்சிக்கலாம். ஆனா இன்னிக்கு இத முழுசா நிறுத்துற மருந்து இல்ல. அதனால பாக்கிறதும் பாக்காம இருக்கிறதும் உங்க இஷ்டம். அம்மாகூட உங்களுக்காக முடிவு பண்ணக் கூடாது. வியாழக்கிழமைதான் கிளினிக். வர்றதா இருந்தா மொதல்ல பேசுவோம், ரத்தம் அப்புறந்தான்."

தங்கமணி எழுந்துவிட்டாள். "தை மாசம் இவளுக்குக் கல்யாணம். பத்திரிக அடிச்சாச்சு. உன்ன யாரு இதச் சொல்லச் சொன்னா? அந்தாளு குடிகாரனாவே இருந்துட்டுப் போறாரு, உனக்கென்ன நட்டம்?"

"அம்மா, உக்காரு."

"நீ வாய மூடு. படிச்சிட்டா எது வேணாலும் பேசுறதா?"

சுபா மேசை மேல் இருந்த டிஷ்யூ பெட்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். தங்கமணி அதைத் திரும்பத் தள்ளிவிட்டாள். கிளம்பும்போது சுபா, தாத்தா எதில் இறந்தார் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று உமாவிடம் மெதுவாகச் சொன்னாள். அது தங்கமணி காதிலும் விழுந்துவிட்டது.

"ராஜண்ணே, வண்டிய பிரிக்பீல்ட்ஸுக்கு விடுங்க."

அமுதவள்ளி பிரிக்பீல்ட்ஸில் நடைபாதை ஓரமாக வடைக்கடை போட்டிருந்தாள். பகல் இரண்டு மணி. வானம் கறுத்துக் காற்றே இல்லாமல் புழுங்கியது. மசால்வடை மாவை உள்ளங்கையில் தட்டி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, பத்திரிகையா?" என்றாள்.

"அண்ணி, உங்க அப்பா எதுல செத்தாரு?"

"என்னாடி, யாவார நேரத்துல வந்து நின்னுக்கிட்டு? குடிச்சிச் செத்தாரு. அய்யாவுன்னு பேரச் சொன்னா தோட்டத்துக்கே தெரியும்."

"குடிச்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அமுதவள்ளியின் கை நின்றது. எண்ணெயில் கிடந்த ஐந்து வடையும் சிவந்து, பழுப்பாகி, கறுத்தது. ஒரு வாடிக்கையாளர், "அக்கா, கருகுது," என்றார். அவள் அரிகரண்டியை எடுக்கவில்லை.

"டாக்டரு சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்னு யாரு சொன்னா? அப்பா கள்ளுக்கடைப் பக்கம் போனதே இல்ல. ரப்பர் பால் வெட்டப் போனா மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. பால் வாளியோட விழுவாரு. வேல வாங்குற மண்டோர் வந்து உதைப்பான். எங்கம்மாதான் எங்களக் கூப்பிட்டு வச்சிச் சொல்லுச்சு, யாரு கேட்டாலும் குடின்னு சொல்லுங்கன்னு. குடின்னா அந்தாளோட போயிரும். சீக்குன்னா வீட்டுக்கே ஒட்டிக்கும், உன்ன எவன் கட்டுவான்னு கேட்டுச்சு. நான் என்னா பண்ணுவேன்? எனக்கு அப்ப பதினேழு வயசு."

"என் புருசன் தள்ளாடுனப்ப உங்களுக்குப் பதினேழு வயசா? கயிறு கட்டுனப்ப பக்கத்துல நின்னீங்களே! உங்களத்தான பாத்தாரு அந்த மனுசன்! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? என் மவனுக்கு எவன் பொண்ணு குடுத்திருப்பான்? இன்னிக்கு ரெண்டு பேரப்புள்ள இருக்கு எனக்கு. இந்தாடி தங்கமணி, என் அப்பன குடிகாரன்னு சொல்லு, என் தம்பிய குடிகாரன்னு சொல்லு, நான் கேட்டுக்கிறேன். சீக்குன்னு மட்டும் இந்தத் தெருவுல நின்னு சொல்லாத. ஒம் பொண்ணுக்கும் அதுதான் நல்லது."

தங்கமணி மாவுச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். சட்டி நடைபாதையில் உருண்டு, பருப்பு மாவு சாக்கடை மூடி வரைக்கும் சிதறியது. அமுதவள்ளி, "நாசமாப் போ" என்று அரிகரண்டியை ஓங்கினாள். நடுவில் புகுந்த என் சட்டையில் எண்ணெய் பட்டது. உமா மட்டும் அசையவில்லை. கரிந்த வடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபெடரல் ஹைவேயில் மழை பிடித்துக்கொண்டது. கார் ஆமையாக நகர்ந்தது. ஷா ஆலம் தாண்டி ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் போட நிறுத்தினேன். உமா தண்ணீர் வாங்க இறங்கிக் கடைக்கு நடந்தாள். ஈரத் தரை. தங்கமணி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் எதைப் பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். வாசல் அருகில் அவள் செருப்பு லேசாக வழுக்கியது. யாருக்கும் வழுக்கியிருக்கும். தங்கமணி, "முனீஸ்வரா" என்றாள்.

உமா திரும்பிப் பார்த்துவிட்டாள். தண்ணீரே வாங்காமல் மழையில் நனைந்து வந்து கதவைத் திறந்தாள்.

"என் காலப் பாக்காதீங்க!"

"இல்லடா, மழை..."

"பாக்காதீங்கன்னா பாக்காதீங்க அங்கிள்! அவருக்கு வாய மோந்து பாத்தீங்க, எனக்குக் காலப் பாப்பீங்களா? இனிமே நான் ஒரு கிளாஸக் கீழ போட்டா உங்களுக்கெல்லாம் அதான் நெனப்பு வரும், இல்ல?"

"குருவுக்கு எதுவும் சொல்லிராத," என்றாள் தங்கமணி முன்னால் பார்த்தபடியே. "கல்யாணம் முடியட்டும்."

"அத்தைய அவ்வளவு கேள்வி கேட்டியேம்மா. இப்ப நீ என்ன செய்யற?"

தங்கமணிக்கு வாய் அடைத்துப்போனதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். கிளாங் வரும்வரை வைப்பர் சத்தம்தான்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் குமுதா எழுந்து போய்விட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பரமேஸ்வரன் ஜன்னலோர நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கமணி அவரைப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்...னா சொன்...னாங்க?" என்றார்.

"நீங்க குடிக்கலன்னு சொன்னாங்க."

பதினாறு வருஷத்தில் 'நீங்க' என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவர் முகம் மெதுவாக மாறியது. கோணல் வாய் விரிந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான் அது. வஞ்சம் தீர்த்துக்கொண்ட சிரிப்பு, அவருக்கு அந்த உரிமை இருந்தது. வலது கை ஆடிக்கொண்டே எழுந்து தங்கமணியின் முகத்துக்கு நேராக நின்றது. மணிக்கட்டில் அந்தச் சாம்பல் கயிறு.

"அவு...த்துவுடு," என்றார். "கோயில்...ல வச்சி. எல்லார்... முன்னாடியும்."

"அவுத்துவுடுறேன். தேங்கா வாங்கிட்டு வந்து, கமிட்டிக்காரன் அத்தன பேரையும் நிக்க வச்சி அவுத்துவுடுறேன்."

"பூ...சாரியும்."

"அவன் வெரல இன்னொரு தரம் கடிங்க. நான் புடிச்சிக்கிறேன்."

உமா அதுவரை கதவுப் பக்கமே நின்றாள். இப்போது வந்து நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தங்கமணி, "உமா, வேணாண்டி," என்றாள். அவள் கேட்கவில்லை.

"இது சீக்கு. வம்சத்துல வர்றது. உங்க அப்பாவுக்கு இருந்துச்சு, அவர்கிட்டருந்து உனக்கு வந்துச்சு. எனக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கை மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண் உமாவின் முகத்திலிருந்து இறங்கி, மடக்கி வைத்திருந்த அவள் கால்களில் நின்றது. வெளியே மழை விட்டு, கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்...ல," என்றார்.

"என்ன இல்ல?"

"குடி...ச்சேன்."

தங்கமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னா சொல்றீங்க?"

"குடிச்...சேன். தெனம். அப்பாவும்... குடிச்சாரு. டாக்டருக்கு... ஒண்ணும் தெரியா...து."

"பதினாறு வருசம் இல்ல இல்லன்னு கத்துனீங்களே! அடிச்சப்பகூட ஒத்துக்கலியே! இப்ப எதுக்குய்யா பொய் சொல்றீங்க?"

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டு ஆடுகிற கையை அவள் பக்கம் திருப்பினார்.

"அறு," என்றார்.

சற்று முன்னால் அவிழ்க்கச் சொன்ன கை அது. கோயிலில் கடித்துக் காப்பாற்றிய கயிறு, ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டுக் காப்பாற்றிய கயிறு. அதை அறுத்துவிட்டால் அவர் குடிகாரன்தான், வாக்குத் தவறியவன்தான். அப்படியானால் சீக்கு இல்லை, மகளுக்கும் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அவ்வளவு கணக்கையும் போட்டுவிட்டார்.

"எங்க வச்சிக் குடிச்ச?" என்று உமா கேட்டாள்.

"லோரி...ல."

"இந்த மூணு வருஷமா? நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லியே. யாரு வாங்கிக் குடுத்தா?"

அவர் யோசித்தார். கண் அறை முழுக்க அலைந்து என் மேல் வந்து நின்றது.

"ரா...ஜன்."

உமா என் பக்கம் திரும்பினாள். "அப்படியா அங்கிள்?"

கோப்பிக்கடையில் அன்றைக்கு அவருக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊதிக் காட்டியிருக்கிறார், விடுங்கடா என்று சொல்லியிருந்தால் போதும். சிரித்தேன். இப்போது அவர் என்னிடம் ஒரே ஒரு பொய்தான் கேட்டார்.

"ஆமா," என்றேன். "நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

உமா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அது ஆடாமல் இருந்தது.

"உனக்குப் பொய் சொல்லத் தெரியலப்பா," என்றாள். பிறகு தலையைத் திருப்பாமலே என்னிடம் கேட்டாள்:

"வியாழக்கிழமை காலையில கார் ஃப்ரீயா அங்கிள்?"

"ஃப்ரீதான்," என்றேன்.

"அறு," என்றார் பரமேஸ்வரன். "அறு... அறு..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கமணி மேசை மேல் கிடந்த, பூ நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் கைக்கு எட்டாதபடி அலமாரி உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவருக்குக் கஞ்சி கரைக்கப் போனாள்.